எச்சரிக்கை இல்லாமல் உறைந்துபோகும் கணினி: எங்கே தேடுவது?

ஒற்றெழுத்து எழுதியது:

வணக்கம். திருகோணமலை டச்பே கடற்கரைக்குப் பின்னால் உள்ள ஓர் ஒழுங்கையில் இருந்து எழுதுகிறேன். வீட்டின் முன்னறையில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து குடும்பம் நடத்துகிறேன். திருமண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், பாடசாலை மலர் என்று பலவும் வரும். ஆனால் அதிகம் வருவது 31ஆம் நாள் நினைவு மலர்தான். கல்வெட்டு என்று ஊரில் சொல்வோம். அந்த வேலைக்குத் தவணை கேட்க முடியாது. அந்தியேட்டிச் சடங்கு முடிந்து வருகிறவர்களின் கையில் அன்றைக்கே மலர் இருக்க வேண்டும். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்ள அங்கே ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

நான்கு மாதமாக என் கணினி வேலையின் நடுவில் உறைந்து நிற்கிறது. திரையில் இருப்பது அப்படியே இருக்கும். சுட்டி அசையாது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஒரே ஓசை வண்டு இரைவதுபோல விடாமல் கேட்கும். நீலத் திரை வருவதில்லை, தானாக அணைவதுமில்லை. பவர் பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடித்து அணைத்தால்தான் உண்டு. மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல எழும்பி வருகிறது. ஒரு நாளில் இரண்டு தடவை நிற்கும். பிறகு நான்கு நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

அக்காவின் மகன் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பொருத்தித் தந்த கணினி இது. ரைசன் 5 3600 புரொசசர், பி450 மதர்போர்ட், 8 ஜிபி வீதம் இரண்டு ராம், 500 ஜிபி என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி., 4 ஜிபி ஜி.டி.எக்ஸ். 1650 கிராபிக்ஸ் கார்ட். எல்லாம் புதியவை. கேசிங் மட்டும் என் பழைய கணினியுடையது. விண்டோஸ் 10 போட்டிருக்கிறது. பிள்ளை இப்போது பேராதனையில் படிக்கிறான். தொலைபேசியில் எவ்வளவுதான் கேட்பது?

இதுவரை செய்தவை: விண்டோஸைத் துடைத்து மறுபடி போட்டேன். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன். தூசி தட்டினேன். நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் வைத்திருந்து விளையாட்டுகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு தடவையும் நிற்கவில்லை. "கணினியில் பிழை இல்லை" என்று திருப்பித் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலையே நின்றது.

என் தொழில் பிழை பார்ப்பது. ஆகவே நிற்கும் நேரத்தையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். உறைந்த பிறகும் திரையின் மூலையில் கடிகாரம் தெரிகிறது அல்லவா, அது எந்த நிமிடத்தில் நின்றது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். இதுவரை 11 பதிவுகள். சிலவற்றைத் தருகிறேன்.

காலை 9.47. ஒரு மலருக்காகப் பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கையெழுத்துத் தாளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது சுவர்க் கடிகாரம் 10.05.

மாலை 4.20. வாடிக்கையாளர் தொலைபேசியில் தேவாரத்தை மாற்றச் சொன்னார். பேசி முடித்துத் திரும்பினால் நின்றிருந்தது.

இரவு 11.02. தேநீர் வைக்க எழும்பிப் போயிருந்தேன்.

அதிகாலை 1.36. மதில் ஓரத்தில் போட்ட வாழைப்பழத் தோலைத் தின்ன மான்கள் வந்திருந்தன. சன்னல் அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முப்பது பக்க மலரின் திருத்தங்களில் பாதி போனது. மறுநாள் அச்சகத்துக்குப் போக வேண்டியது அது.

எந்தப் பாகம் என்று தெரியாமல் ஒவ்வொன்றாக வாங்கி மாற்ற என்னிடம் பணம் இல்லை. தேடும் வழியைச் சொல்லித் தாருங்கள், நானே தேடுகிறேன்.


பாலையூற்றான் எழுதியது:

தங்கச்சி, உங்களைப்போல விபரம் எழுதுகிறவர்கள் குறைவு. கணினி திருத்துவதே என் வேலை, பல வருடமாகச் செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் "நின்று நின்று போகிறது" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.

தானாக அணைந்து எழும்புவது, நீலத் திரை வருவது, அப்படியே உறைவது என்று மூன்று இருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு நோய்கள். உங்களுடையது மூன்றாவது. நீலத் திரை வந்தால் விண்டோஸ் தன் கடைசி மூச்சில் ஒரு குறிப்பாவது எழுதிவிட்டுப் போகும். உறைந்தால் அதற்கு எழுத நேரமே கிடைப்பதில்லை.

அடுத்த தடவை நின்றதும் பவர் பொத்தானுக்குப் போக வேண்டாம். முதலில் விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, படம் காட்டும் பகுதி மட்டும் சிக்கிக்கொண்டிருக்கிறது. அப்போது விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். பல வேளை திரை திரும்பி வந்துவிடும். விளக்கு அசையவே இல்லை என்றால் முழு இயந்திரமும் நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் ராம், மதர்போர்ட், புரொசசர், மின்சாரம் என்ற பக்கமாகத் தேட வேண்டும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தால் கெர்னல் பவர் 41 என்று சிவப்பில் ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் "பவர் சப்ளை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டது" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். முறைப்படி மூடாமல் கணினி மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் அந்தப் பதிவு ஒன்றும் சொல்வதில்லை. பொத்தானை அழுத்தி நீங்கள் அணைத்ததால்தான் அது எழுதப்படுகிறது. அதே இடத்தில் வீயா லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் பதிவுகள் உண்டா என்று பாருங்கள். அவை இருந்தால் வன்பொருள் தானே முறைப்பாடு சொல்கிறது என்று கொள்ளலாம்.

வெப்பத்தையும் பார்த்துவிடுங்கள். எச்.டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அந்தப் புரொசசரின் எல்லை 95 பாகை செல்சியஸ். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் ஊர் அறைகளில் கணினி கொதிப்பது உண்மைதான். ஆனாலும் உங்கள் விடயம் வெப்பம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெப்பம் என்றால் கடையில் விளையாட்டு ஓடவிட்டபோதே நின்றிருக்கும்.


ஒற்றெழுத்து எழுதியது:

நன்றி அண்ணா. நேற்று மாலை 5.51க்கு நின்றது. கேப்ஸ் லாக்கை அழுத்தினேன், விளக்கு அசையவில்லை. நீங்கள் சொன்ன நான்கு விசைகளையும் அழுத்திப் பார்த்தேன், பயனில்லை. முழுமையாக நின்றுவிட்டது.

41ஆம் இலக்கப் பதிவு பல இருக்கின்றன. அதற்குள்ளே பிழைக் குறி என்ற இடத்தில் 0 என்று போட்டிருக்கிறது. வீயா பதிவு ஒன்றுகூட இல்லை. வெப்பம் சும்மா இருக்கும்போது 41, முழு மலரையும் பி.டி.எஃப். ஆக்கும்போது 74. கேசிங்கின் பின்பக்கத் திருகாணிகளில் துரு பிடித்திருப்பதையும் கண்டேன். கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.


கொட்டியாரக்குடா எழுதியது:

அக்கா, ராமைச் சோதித்தீர்களா? முழுதாக உறைகிற கணினிகளில் நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான்.

பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புப் பக்கம்) போய் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில மதர்போர்ட்களில் டி.ஓ.சி.பி. என்று இருக்கும். ராமின் பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருந்தாலும், அந்த வேகம் எக்ஸ்.எம்.பி. போட்டால்தான் கிடைக்கும். போடாவிட்டால் 2133 அல்லது 2400 போன்ற அடிப்படை வேகத்தில் ஓடும். உங்கள் மருமகன் அதைப் போட்டிருந்தால் சில நாட்களுக்கு எடுத்துவிட்டு அடிப்படை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். தட்டச்சுக்கும் பக்க வடிவமைப்புக்கும் அந்த வேக வித்தியாசம் தெரியவே தெரியாது.

இரண்டு ராமும் எந்தத் துளைகளில் இருக்கின்றன என்பதும் முக்கியம். நான்கு துளை உள்ள மதர்போர்டில் புரொசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். "நூற்றில் ஒன்றுதானே" என்று விட்டுவிடக் கூடாது. பிழை வந்தால் ராம்களை ஒவ்வொன்றாகப் போட்டு எது என்று பிரித்துவிடலாம்.

மூதூரில் எங்கள் வீடும் கடலோரம்தான். உப்புக்காற்று ராமின் பொன்னிறப் பற்களில் மங்கலான ஒரு படலத்தை உண்டாக்குவதைப் பார்த்திருக்கிறேன். கணினியை அணைத்து, பிளக்கையும் கழற்றிய பிறகு ராமை எடுத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். பலரும் பென்சில் அழிறப்பரால் தேய்ப்பார்கள். நான் அதைச் செய்வதில்லை. அந்தப் பொன் பூச்சு மிகவும் மெல்லியது, தேய்த்துத் தேய்த்து அதையே எடுத்துவிடக்கூடும். அழிறப்பரின் துகள் துளைக்குள் விழுந்தால் அது வேறொரு தொல்லை.


கிண்ணியாப்பாலம் எழுதியது:

சகோதரி, நான் கணினிக்காரன் அல்ல, வீட்டு வயரிங் செய்கிறவன். ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். வெறுங்காலோடு நின்று கேசிங்கின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைப் புறங்கையால் தடவினால் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறதா?

இருந்தால் உங்கள் வீட்டில் எர்த் இல்லை, அல்லது எங்கோ அறுந்திருக்கிறது. பவர் சப்ளையின் வாசலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு மின்தேக்கிகள் உண்டு. இரண்டு மின் கம்பிகளுக்கும் எர்த்துக்கும் நடுவில் அவை உட்கார்ந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் கேசிங்கின் உடம்பு 230 வோல்ட்டின் பாதி அளவுக்கு, ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஊர்வதுபோலத் தெரிவதோடு நின்றுவிடுகிறது. ஆனால் அதே எர்த்தை நம்பித்தான் வீட்டில் மற்ற எல்லா உலோகப் பெட்டிகளும் இருக்கின்றன.

கடற்கரை மணலில் அடித்த எர்த் கம்பி மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் கெடும். கவ்வி துருப்பிடிக்கும், மணல் காய்ந்தால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்காது. மூன்று முள் பிளக்கைப் பார்த்துவிட்டு எர்த் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அந்த மூன்றாவது முள் எங்கே போய் முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

உங்கள் கணினி உறைவதற்கு இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மாலை வேளையில் மின்னழுத்தம் விழுந்தாலும் கணினி பெரும்பாலும் அணைந்து எழும்பும், உறையாது. ஆனால் கணினியைக் காட்டிலும் உங்கள் உயிர் பெரிது. இதை முதலில் பாருங்கள். மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள், நீங்களாகக் கழற்ற வேண்டாம்.


ஒற்றெழுத்து எழுதியது:

மூவருக்கும் நன்றி. பத்து நாளாகச் செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

கிண்ணியா நானா கேட்டதுபோலப் புறங்கையால் தடவிப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்தது. இவ்வளவு நாளாக அதை மின்விசிறிக் காற்றின் சிலிர்ப்பு என்று நினைத்திருந்தேன். தெரிந்த மின் வேலைக்காரரை வரவழைத்தேன். கிணற்றடி மூலையில் எர்த் கம்பியைத் தோண்டிப் பார்த்தார். கவ்வி இருந்த இடத்தில் பச்சைத் தூள்தான் இருந்தது. வயர் அந்தத் தூளின்மேல் சும்மா தொட்டுக்கொண்டு நின்றது. விரலால் தட்டியதும் விழுந்துவிட்டது. புதிய கம்பி அடித்து, புதிய கவ்வி போட்டுத் தந்தார். ட்ரிப் சுவிட்சையும் சோதித்தார். இப்போது ஊர்வது அறவே இல்லை. இதே அறையில்தான் என் அம்மா ஈரக் கையோடு கேசிங்மேல் துணி போட்டுத் துடைப்பார். நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்விக்காக எங்கள் வீடே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது, நானா.

ஆனால் மூன்றாம் நாள் கணினி மறுபடி நின்றது.

மூதூர்த் தம்பி சொன்னதுபோல எக்ஸ்.எம்.பி.யை எடுத்தேன். ராம்கள் சரியான துளைகளில்தான் இருந்தன. ஆல்கஹாலால் துடைத்தேன், துணியில் மெல்லிய பழுப்பு நிறம் வந்தது. மெம்டெஸ்ட்டை இரவு போட்டுவிட்டுப் படுத்தேன். நான்கு சுற்றும் முடிய ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுத்தது. பிழை 0. அந்த ஐந்து மணித்தியாலத்தில் கணினி உறையவும் இல்லை. காலையில் மகிழ்ச்சியோடு விண்டோஸைத் திறந்து, பாமினி எழுத்தில் வந்த ஒரு பழைய மலரை யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிட்டு, அம்மாவோடு பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் வந்தேன். திரும்பி வந்தபோது திரைக் கடிகாரம் 10.38இல் நின்றிருந்தது.

பிறகு விண்டோஸையே சந்தேகித்தேன். பென் டிரைவில் உபுண்டு என்ற வேறோர் இயங்குதளத்தைப் போட்டு, எஸ்.எஸ்.டி.யைத் தொடாமல் அதிலிருந்து ஓடவிட்டேன். ஒன்றும் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டுச் சமைக்கப் போனேன். இரண்டு மணித்தியாலம் கழித்து அதுவும் உறைந்திருந்தது.

ஆகவே விண்டோஸ் அல்ல. ராம் அல்ல. எர்த்தும் அல்ல. இன்னும் ஒன்பது நாளில் ஒரு மலர் கொடுக்க வேண்டும், 44 பக்கம். இறந்தவர் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியை. அந்த மலரில் ஒரு பிழை வருவதையும் என்னால் தாங்க முடியாது.


பாலையூற்றான் எழுதியது:

தங்கச்சி, உங்கள் கொப்பியை இன்று காலை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அதை முதல் நாளே ஒழுங்காக வாசித்திருக்க வேண்டும், மன்னியுங்கள்.

தாளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தீர்கள். தேநீர் வைக்கப் போனீர்கள். மான் பார்த்தீர்கள். கோயிலுக்குப் போனீர்கள். சமைக்கப் போனீர்கள். பி.டி.எஃப். ஆக்கும்போது ஒரு தடவையாவது நின்றதா? உங்கள் எழுத்தில் அப்படி ஒரு வரி இல்லை. கடைக்காரர்கள் விளையாட்டு ஓடவிட்டபோது நிற்கவில்லை. மெம்டெஸ்ட் ஐந்து மணித்தியாலமும் புரொசசரை ஓயவிடாமல் வேலை வாங்கியது, நிற்கவில்லை. உபுண்டுவைச் சும்மா விட்டீர்கள், நின்றது.

உங்கள் கணினி ஓய்வில் இருக்கும்போதுதான் நிற்கிறது. கடையில் அதை ஓயவிடவே இல்லை. அதனால்தான் அவர்களுக்குப் பிழை அகப்படவில்லை.

இப்போதைய புரொசசர்கள் வேலை இல்லாத நொடியில் தம் கோர்களை (உள்ளே வேலை செய்யும் தனித்தனிப் பகுதிகளை) ஒவ்வொன்றாக ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பும். சி6 என்று அந்த நிலைக்குப் பெயர். அப்போது இழுக்கும் மின்னோட்டம் மிகவும் கீழே இறங்கிவிடும். அடுத்த கணம் ஒரு சிறு வேலை வந்ததும் விழித்து மறுபடி இழுக்கும். பழைய பவர் சப்ளைகள் இப்படி இறங்கி ஏறுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 2013இல் இன்டெலின் ஹாஸ்வெல் புரொசசர்கள் வந்தபோதே இந்தப் பேச்சு எழுந்தது. 12 வோல்ட் வழியில் 0.05 ஆம்பியர் வரை இறங்கினாலும் பவர் சப்ளை தள்ளாடாமல் நிற்க வேண்டும் என்று அப்போது கேட்கப்பட்டது. ரைசன் வந்த பிறகும் இதே பேச்சு இருந்தது. மலிவான பழைய சப்ளைகள் பலவற்றில் 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒரே சுற்று சேர்த்துத்தான் கட்டுப்படுத்தும். ஒன்றில் சுமை இறங்கினால் மற்றதும் நிலை தவறும். அந்தத் தடுமாற்றத்தில் புரொசசர் விழிக்க முடியாமல் போனால் நீங்கள் பார்க்கிற காட்சிதான்: கேப்ஸ் லாக் விளக்கும் அசையாது, பதிவும் இராது.

"கேசிங் மட்டும் பழையது" என்று எழுதினீர்கள். நம் ஊர்க் கடைகளில் கேசிங் வாங்கினால் பவர் சப்ளையும் அதற்குள்ளேயே சேர்ந்து வரும். அந்தக் கேசிங்கோடு வந்த சப்ளையே இன்னும் ஓடுகிறதா? பக்கத் தகட்டைத் திறந்து இரண்டைப் பாருங்கள். சப்ளையின் ஸ்டிக்கரில் வருடம் இருக்கிறதா? புரொசசருக்கு அருகே மதர்போர்டில் எட்டுத் துளை இணைப்பி ஒன்று இருக்கும். அதில் எட்டு முள்ளும் நிறைந்திருக்கிறதா, நான்கு மட்டும் செருகி மீதி வெறுமையாக இருக்கிறதா?

இன்னும் எதையும் வாங்க வேண்டாம். பணம் செலவழிக்காமல் உறுதிப்படுத்த வழி இருக்கிறது. பயோஸில் அட்வான்ஸ்ட் பகுதிக்குள் ஏ.எம்.டி. சி.பி.எஸ். என்று ஒரு பக்கம் இருக்கும். மதர்போர்டைப் பொறுத்து இடம் சற்று மாறலாம். அதற்குள் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்று ஒரு வரி. அது ஆட்டோவில் இருக்கும். அதை டிபிகல் கரண்ட் ஐடில் என்று மாற்றிச் சேமியுங்கள். புரொசசர் இனி அந்த அடிமட்டம் வரை இறங்காது. மின்சாரம் சில வாட் கூடுதலாகச் செலவாகும், வேறு கேடு இல்லை. மற்ற எதையும் அதே நேரத்தில் மாற்றாதீர்கள். எக்ஸ்.எம்.பி. எடுத்தபடியே இருக்கட்டும். பிறகு வேண்டுமென்றே கணினியைச் சும்மா விடுங்கள்.

ஒன்று மட்டும்: பவர் சப்ளையின் பெட்டியை நீங்கள் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும்.


ஒற்றெழுத்து எழுதியது:

அண்ணா, பக்கத் தகட்டைத் திறந்து கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். ஸ்டிக்கரில் 500 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. கீழே சிறிய எழுத்தில் 2014. எட்டுத் துளையில் நான்கு வெறுமையாக இருக்கின்றன. மருமகனிடம் கேட்டேன். "பழைய சப்ளை வேலை செய்கிறதே, ஏன் வீண் செலவு என்று விட்டேன், சித்தி" என்றான். என் பணத்தை மிச்சம்பிடிக்க நினைத்த பிள்ளையை நான் என்ன சொல்வது?

அன்று இரவே நீங்கள் சொன்ன வரியை மாற்றினேன். மாற்றிய பின் முதல் மூன்று நாளும் தாளைப் பார்க்கும்போதெல்லாம் ஓரக் கண்ணால் திரைக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிடம் மாறும், மூச்சு விடுவேன். நான்காம் நாளிலிருந்து அந்தப் பழக்கம் போய்விட்டது. ஆசிரியையின் மலரை மூன்று தடவை முழுதாக ஒப்பிட்டேன். ஒரு தடவை தாளில், ஒரு தடவை திரையில், கடைசியாக அம்மா வாசிக்க நான் கேட்டு. ஒவ்வொரு தடவையும் கணினி மணித்தியாலக் கணக்கில் சும்மாதான் இருந்தது. நிற்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை ஆறரைக்கு அச்சகத்திலிருந்து மலர்க் கட்டுகளை வாங்கி, நேரே அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த மலருக்குக் கிடைத்த பணத்தில், கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லிப் புதிய பவர் சப்ளை வாங்குவித்தேன். எட்டு முள்ளும் நிறைந்த இணைப்பி உள்ளது. மின் வேலைக்காரரின் தம்பி பொருத்தித் தந்தார். பழையதை அவர் கொண்டுபோய்த் திறந்து படம் அனுப்பினார். உள்ளே இரண்டு மின்தேக்கிகளின் தலை உப்பி, ஒன்றின் விளிம்பில் பழுப்பு நிறப் பிசுக்கு வடிந்திருக்கிறது.

புதிய சப்ளை போட்டபின் அந்தப் பயோஸ் வரியை மறுபடி ஆட்டோவுக்கே மாற்றிவிட்டேன். காரணம் அதுதானா என்று எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். 16 நாளாகிறது. கொப்பியில் புதிய பதிவு இல்லை. இனி எக்ஸ்.எம்.பி.யையும் போடலாமா, அண்ணா?


பாலையூற்றான் எழுதியது:

போடலாம் தங்கச்சி. ஆனால் இன்னும் இரண்டு வாரம் பொறுத்துப் போடுங்கள், போட்ட நாளைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு ஏதாவது நின்றால் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று அப்போது குழப்பம் இராது. மெம்டெஸ்ட்டையும் அந்த வேகத்தில் ஒரு தடவை மறுபடி ஓடவிடுங்கள். முன்பு ஓடியது அடிப்படை வேகத்தில் அல்லவா?

கேசிங்கின் பின்பக்கத் துருப்பிடித்த திருகாணிகளையும் மாற்றிவிடுங்கள். வாடைக்காற்று தொடங்கினால் அவை இன்னும் இறுகிவிடும், பிறகு கழற்றவே முடியாது.